வடிகட்டிய நீரும் அடைத்து விற்கும் நீரும்

சாவக நெறியில் நிற்பாரை இனங்காட்டும் ஒழுக்கங்களுள் இரவுணவு நீக்கலும் நீரை வடிகட்டிப் பருகலும் முன்னிற்பன. கிணற்றிலிருந்து மொண்ட நீரை இரண்டாக மடித்த தடித்த துணியில் வடிகட்டிய பின்னரே அடுப்படிக்குக் கொண்டுசெல்லும் வழக்கத்தை நம் இல்லங்களின் மூத்த பெண்மணிகள் இன்றும் கைவிடவில்லை. இவ்வழக்கத்தின் முற்பகுதியை நாம் அனைவரும் அறிவோம். அதன் பிற்பகுதியோ, குழாய் நீர் வீட்டுக்குள் வந்த நாள்முதல் மெல்ல மறைந்துகொண்டிருக்கிறது. ஆதலின் அதனை முதற்கண் நினைவூட்டுதல் நலம்.

நீரை வடித்து எடுத்ததோடு கடமை முடிந்துவிடுவதில்லை. துணியின்மேல் தங்கிய நுண்ணுயிர்களை, அவ்வாறு வடித்த நீரையே துணியின் மறுபுறம் வார்த்து ஒரு கலத்தில் இறக்க வேண்டும். அக்கலத்தின் நீரை எந்தக் கிணற்றில் மொண்டோமோ அந்தக் கிணற்றிலேயே விட வேண்டும். கிணற்றுநீரின் உயிர்களைக் குளத்திலோ, குளத்துநீரின் உயிர்களை ஆற்றிலோ விடலாகாது. ஒரு நீரில் தோன்றிய உயிர் மற்றொரு நீரில் பிழைப்பது அரிது. மேலிருந்து ஊற்றினால் வீழ்ச்சியின் வேகத்தில் அவை இறந்துபடும் என்பதற்காக, அடியில் வளையம் பொருத்திய சிறு வாளியைக் கயிற்றால் இறக்கி, நீர்மட்டத்தைத் தொட்ட பின்னரே கவிழ்ப்பர். வடநாட்டுச் சமணர் இவ்வாறு திருப்பி விடும் நீரை ‘ஜீவானி’ என வழங்குவர்.

இதன் உட்பொருளைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். நமக்குத் தூய நீர் கிடைத்துவிட்டது என்பதோடு நம் முன்னோர் நின்றாரல்லர். நாம் பருகியதன் மிச்சம் எங்கே போகிறது, அங்கே எவ்வுயிருக்கு என்ன நேர்கிறது என்பதுவரை பருகியவரின் பொறுப்பு நீள்கிறது என்று கொண்டனர். இந்த ஓர் அளவுகோலைக் கையிற்கொண்டு, இன்று கடைதோறும் தொங்கும் தண்ணீர் பாட்டிலை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். திருமணம், மஞ்சள் நீராட்டு, தேர்த் திருவிழா, தலயாத்திரை என எங்கும் பெட்டி பெட்டியாக இவை வந்து இறங்குகின்றன. விரதம் பூண்ட பெரியோர்க்கும் ‘முத்திரையிட்ட தூய நீர்’ என்று சொல்லி இவற்றையே தருகிறோம். பாட்டில் நீரின் மிச்சம் எங்கே போகிறது?

பாட்டிலும் அதனுள் இருப்பதும்

நம் நாட்டில் இவ்வாணிகம் 1965-ஆம் ஆண்டு மும்பையில், இத்தாலிய மரபினதாகிய பிஸ்லேரி என்னும் பெயரோடு, கண்ணாடிப் பாட்டிலில் தொடங்கியது. 1969-இல் பார்லே நிறுவனத்தார் அதனை விலைக்கு வாங்கினர். அக்காலத்தில் உயர்தர விடுதிகளில் தங்குவோரே வாங்கிப் பருகிய அரும்பொருளாக அது இருந்தது. அதனை எளியோர் கைக்கும் கொண்டுவந்தது தண்ணீரன்று, பிளாஸ்டிக்கே. ‘பெட்’ எனச் சுருக்கமாக வழங்கும் பாலிஎத்திலீன் டெரிப்தாலேட் என்னும் பொருளை 1941-இல் இங்கிலாந்தில் வின்பீல்டு, டிக்சன் என்னும் இருவர் நூலிழைக்காகக் கண்டறிந்தனர். நாம் உடுக்கும் பாலியெஸ்டர் துணியும் தண்ணீர் பாட்டிலும் ஒரே பொருளால் ஆனவை என்பது பலருக்கும் வியப்பளிக்கும். அப்பொருளை ஊதி, அழுத்தம் தாங்கும் பாட்டிலாக்கும் முறைக்கு 1973-இல் அமெரிக்காவின் நத்தானியேல் வையத் என்னும் பொறியாளர் காப்புரிமை பெற்றார். கனமற்றது, உடையாதது, மலிவானது. இம்மூன்று நலன்களுமே பிற்பாடு கேடாய் முடிந்தன.

நாம் ‘மினரல் வாட்டர்’ என்று கேட்டு வாங்குவதில் பெரும்பான்மை அப்பெயருக்கு உரியதன்று. இயற்கைக் கனிம நீருக்கு இந்தியத் தர நிறுவனம் வகுத்த தரக்குறிப்பு வேறு. அடைக்கப்பட்ட குடிநீருக்கு வகுத்த தரக்குறிப்பு வேறு. கடைகளில் பெரிதும் விற்பது பின்னதே. நிலத்தடி நீரை ஆழ்துளைக் கிணற்றால் உறிஞ்சி, நுண்சவ்வின் வழியே அழுத்தத்தால் செலுத்தி உப்பு நீக்கி, புற ஊதாக் கதிரும் ஓசோன் வாயுவும் காட்டி அடைத்தது அது. சவ்வு ஏற்காது தள்ளும் உவர்நீர் ஒருபுறம் கழிவாக ஓடுகிறது. ஒரு குடம் நல்ல நீருக்கு ஏறத்தாழ ஒரு குடம், சில பொறிகளில் அதற்கும் மேல், இவ்வாறு வீணாகும்.

உலகம் முழுவதும் இவ்வாறு ஆண்டுதோறும் விற்கும் நீர் ஏறக்குறைய 35,000 கோடி லிட்டர் என ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் நீராய்வு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. 2021-ஆம் ஆண்டில் மட்டும் இதற்காக ஆன பிளாஸ்டிக் பாட்டில்களும் கலன்களும் 60,000 கோடி. அவற்றின் எடை 250 இலட்சம் டன். எண்கள் பெரியனவாகும்போது மனத்தில் தைப்பதில்லை. ஆகவே ஒரு லிட்டரையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் பசிபிக் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கிளைக், கூலி என்னும் இருவர் 2009-இல் கணக்கிட்டபடி, ஒரு லிட்டர் பாட்டில் நீர் நம் கைக்கு வருமுன் 5.6 முதல் 10.2 மெகாஜூல் ஆற்றலைத் தின்றிருக்கிறது. குழாய் வழியே வரும் நீருக்கு ஆகும் ஆற்றலைப் போல் இது இரண்டாயிரம் மடங்குவரை ஆகும். அதில் பெரும்பங்கு நீரைத் தூய்மை செய்யவன்று, அந்நீரை ஏந்தும் பாட்டிலைச் செய்யவே செலவாகிறது.

அத்துணைச் செலவிட்டும் உள்ளிருப்பது மாசற்றதா? 2003-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் புதுதில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், தில்லி, மும்பைப் பகுதிகளில் விற்ற பல பாட்டில் நீர்களில் பூச்சிக்கொல்லி எச்சம் இருந்ததை வெளியிட்டது. அதன் பின்னரே தர அளவுகள் கடுமையாக்கப்பட்டன. 2018-இல் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், இந்தியா உள்ளிட்ட ஒன்பது நாடுகளில் வாங்கிய 259 பாட்டில்களைச் சோதித்தபோது நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்றில் பிளாஸ்டிக் நுண்துகள் இருந்தது. மேலும் நுண்ணிய கருவிகளைக் கொண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தார் செய்து 2024 ஜனவரியில் வெளியான ஆய்வு, அமெரிக்காவில் விற்கும் மூன்று வகை நீரில் லிட்டருக்குச் சராசரி 2,40,000 துகள்களைக் கண்டது. அவற்றுள் பத்தில் ஒன்பது, உயிரணுவின் உள்ளேயே நுழையத்தக்க அளவு நுண்ணியவை. இத்துகள்களால் உடலுக்கு என்ன நேரும் என்பது பற்றி மருத்துவ உலகம் இன்னும் முடிந்த முடிபு கூறவில்லை. அச்சமூட்டுவது என் நோக்கமும் அன்று. ‘முத்திரையிட்டது, ஆகவே தூயது’ என்னும் நம்பிக்கைக்கு இடமில்லை என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது. துணியில் வடிகட்டி நாம் நீக்குவது இயற்கையில் உள்ளதை. பாட்டிலோ, இயற்கையில் இல்லாத ஒன்றைத் தன் உடலினின்றும் மூடியினின்றும் நீரில் சேர்க்கிறது.

மிதப்பதும் மூழ்குவதும்

எறியப்பட்ட பாட்டில் கடலில் என்ன ஆகிறது என்பதை அறிய, அதன் உறுப்புகளைப் பிரித்து நோக்க வேண்டும். பாட்டிலின் உடல் பெட் பிளாஸ்டிக்; இது நீரினும் கனமானது. மூடியும் கழுத்து வளையமும் வேறு வகைப் பிளாஸ்டிக். இவை நீரினும் இலேசானவை. மூடியிட்ட வெற்றுப் பாட்டில், உள்ளிருக்கும் காற்றின் துணையால் படகுபோல் நெடுந்தொலைவு மிதந்து செல்லும். மூடி கழன்றதும் நீர் புகுந்து உடல் அடியில் ஆழும். மூடி தனித்து மேலே மிதந்து அலையும். இவ்வாறு ஒரே பாட்டில் இருவேறு இடங்களில் இருவேறு உயிர்களுக்குத் தீங்காகிறது. கதிரொளியும் அலையும் படப்பட அது நொறுங்குமேயன்றி அழியாது. நொறுங்க நொறுங்க அதனை விழுங்கத்தக்க உயிர்களின் அளவும் சிறிதாகிக்கொண்டே போகும்.

அடியில் ஆழ்ந்தது பவளத்தின்மேல் படிகிறது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆசிய பசிபிக் கடற்பகுதியின் 159 பவளத் திட்டுகளை ஆராய்ந்தனர். பிளாஸ்டிக் படாத பவளத்தில் நூற்றுக்கு நான்காக இருந்த நோய்வாய்ப்பு, பிளாஸ்டிக் பட்டதில் எண்பத்தொன்பதாக உயர்ந்திருந்தது. மூடியதால் ஒளி குன்றுவதும், உராய்ந்த காயத்தின் வழியே கிருமி புகுவதும் காரணம் என்பர்.

மேலே மிதக்கும் மூடியின் கதையை மிட்வே தீவிற் காணலாம். வட பசிபிக் பெருங்கடலின் நடுவே, மக்கள் குடியிருப்பு ஏதுமின்றிக் காவலர் சிலரே தங்கும் இத்தீவில் லேசான் ஆல்பட்ராஸ் என்னும் பெரும்பறவைகள் இலட்சக்கணக்கில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. தாயும் தந்தையும் பல நூறு கல் பறந்து சென்று கடற்பரப்பில் மிதக்கும் இரையைப் பற்றிவந்து குஞ்சின் வாயில் ஊட்டும். பறக்கும் மீன்கள் தம் முட்டைக் கொத்துகளை மிதக்கும் பொருள்களில் ஒட்டிவைக்கும் இயல்பினவாதலின், முட்டையோடு மூடியும் பறவையின் வாய்க்குள் போகிறது. 2009 முதல் அங்குச் சென்று கிறிஸ் ஜோர்டான் என்னும் அமெரிக்கர் எடுத்த ஒளிப்படங்கள் உலகறிந்தவை: இறந்த குஞ்சின் இறகும் எலும்பும் மண்ணோடு மண்ணாகிவிட, வயிறு இருந்த இடத்தில் சிவப்பும் நீலமும் வெண்மையுமாகப் பாட்டில் மூடிகள் ஒரு கைப்பிடி, நேற்று வைத்தது போல் நிறம் மாறாது கிடக்கின்றன.

பறவை அறிவின்றி விழுங்குகிறது என்று எண்ணவேண்டா. கடலில் மிதக்கும் பிளாஸ்டிக்கின்மேல் பாசி படர, அதிலிருந்து கந்தகம் கலந்த ஒரு மணம் எழுகிறது. இரை நிறைந்த இடத்தை ஆல்பட்ராஸ் முதலிய கடற்பறவைகளுள் பல அறிந்துகொள்வது அம்மணத்தாலேயே என்று 2016-இல் கலிபோர்னிய ஆய்வாளர்கள் காட்டினர். மூக்கு எனும் பொறி அதனை ஏமாற்றவில்லை; பொறிக்குப் புலனாகும் உலகத்தையே நாம் மாற்றிவிட்டோம். ஐம்பொறியும் வாய்க்கப்பெற்ற விலங்குகதி உயிர் ஒன்று, தன் பொறியை நம்பியதாலேயே தன் குஞ்சைக் கொல்லும் நிலைக்குத் தள்ளப்படுகிறது. அம்மூடியைத் திருகி எறிந்தவருக்கு அப்பறவையோடு பகையேதும் இல்லை. அப்படியொரு பறவை உண்டென்பதும் அவர் அறியார். கொல்லும் எண்ணம் இன்மையால் வினை இல்லை என்று கூறுவாரும் உளர். ஆயின் நம் ஆசிரியர்கள் அநர்த்த தண்ட விரதத்தை வகுத்தபோது, பயனின்றி நீரைச் சிந்துதலையும் மண்ணைக் கிளறுதலையும் பசுந்தழையைக் கிள்ளுதலையும் ‘பிரமாதசரியை’ என்று ஒதுக்கிவைத்தனர். பகையால் விளையும் கொலையினும் கவனமின்மையால் விளையும் கொலையே இல்லறத்தார் வாழ்வில் மிகுதி என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

எட்டாத் தீவில் எட்டிய பாட்டில்கள்

கடலிற் கிடக்கும் பாட்டில் எவருடையது என்று கண்டறிவது கடினம். ஆயினும் ஓரிடத்தில் அது மிகச் செவ்வையாகச் செய்யப்பட்டுள்ளது. தென் அட்லாண்டிக் பெருங்கடலில், கேப்டவுன் நகரிலிருந்து ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர் தொலைவில், டிரிஸ்டன் டா குன்ஹா தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த சிறு தீவு ஒன்று உளது. சுற்றிலும் செங்குத்தான பாறை. குடியிருப்பார் ஒருவரும் இல்லை. அதன் பெயரே ‘எட்டாத் தீவு’ என்னும் பொருள்தரும் ‘இன்னக்சசிபிள்’ என்பது. உலகில் வாழும் பறக்கமாட்டாப் பறவைகளுள் மிகச் சிறியது இத்தீவில் அன்றி வேறெங்கும் இல்லை. 2004-இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுடைமைப் பட்டியலிற் சேர்த்தது.

கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் பறவையியல் அறிஞர் பீட்டர் ரயனும் அவர் குழுவினரும் இத்தீவின் கரையொதுங்கிய குப்பையை 1984, 2009, 2018 ஆகிய ஆண்டுகளில் எண்ணினர். வெறுமனே எண்ணவில்லை, ஒவ்வொரு பாட்டிலின் அடியிலும் கழுத்திலும் பொறித்திருக்கும் எழுத்தைக் கொண்டு, எந்நாட்டில் எவ்வாண்டு செய்யப்பட்டது என்பதையும் படித்தறிந்தனர். 1984-இல் கிடைத்தவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு தென் அமெரிக்காவில் செய்யப்பட்டவை. காற்றும் நீரோட்டமும் அங்கிருந்து இத்தீவு நோக்கி வருவதால் இது இயல்பே. 2018-இலோ நான்கில் மூன்று பங்கு ஆசியப் பாட்டில்கள். பெரும்பான்மை சீனத்தில் செய்தவை. 72 நாள்கள் தங்கி, புதிதாக வந்து ஒதுங்கியவற்றை மட்டும் பொறுக்கியபோது ஆசியாவின் பங்கு நூற்றுக்கு எண்பத்து மூன்றாயிற்று.

ஆசியக் கரையில் எறிந்தது மிதந்து வந்ததோ எனில், அன்று. அவ்வளவு தொலைவை நீரோட்டத்தில் கடக்கப் பல ஆண்டுகள் ஆகும். இப்பாட்டில்களில் பத்தில் ஒன்பது, செய்யப்பட்டு இரண்டாண்டு நிரம்பாதவை. ஆகவே அவ்வழியே செல்லும் சரக்குக் கப்பல்களில் நீர் பருகியோர் வெற்றுப் பாட்டிலைக் கடலிலேயே வீசியிருக்க வேண்டும் என்னும் முடிவுக்கு ஆய்வாளர் வந்தனர். கப்பலிலிருந்து பிளாஸ்டிக்கைக் கடலில் எறிதல் 1988-ஆம் ஆண்டின் இறுதி முதல் உலக உடன்படிக்கையால் முற்றாகத் தடுக்கப்பட்ட செயல். சட்டம் இருக்கிறது, நடுக்கடலில் பார்ப்பார் இல்லை. பிறர் காணா இடத்தில் ஒருவன் செய்வது எதுவோ அதுவே அவன் ஒழுக்கம் என்பதற்கு, ஆளில்லாத் தீவின் கரையினும் தெளிவான சான்று வேண்டுமோ?

பழியெல்லாம் பிறநாட்டார்மீது ஏற்றிவிட்டு நாம் அமைதியுறுவதற்கும் வழியில்லை. நிலத்திலிருந்து கடலுக்குச் செல்லும் பிளாஸ்டிக் 2010-ஆம் ஆண்டில் 48 முதல் 127 இலட்சம் டன் வரை இருக்கலாம் என ஜென்னா ஜாம்பெக் தலைமையிலான குழு 2015-இல் கணக்கிட்டது. 2021-இல் வந்த மற்றோர் ஆய்வு, ஆறுகள் சுமந்து செல்லும் பிளாஸ்டிக்கில் ஐந்தில் நான்கு பங்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆறுகளின் வழியே சேர்கிறது என்றும், அவற்றுள் பேராறுகளினும் நகர்களின் ஊடே ஓடும் சிற்றாறுகளே மிக்க கேடு செய்வன என்றும் காட்டியது. மழைநீர் வடிகாலில் அடைந்துகிடப்பது ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரே இரவில் முகத்துவாரம் சேர்வதைச் சென்னையில் வாழ்வோர்க்கு எடுத்துக்கூற வேண்டியதில்லை.

அண்மையில் நம் பக்கத்துக் கடலில் நேர்ந்த ஒன்றையும் சொல்லிச் செல்ல வேண்டும். 2021 மே மாதம் கொழும்புத் துறைமுகத்தின் அருகே தீப்பற்றி ஜூனில் மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்னும் கப்பலிலிருந்து, பிளாஸ்டிக் பொருள்களுக்கு மூலப்பொருளாகும் வெண்குருணை ஏறத்தாழ 1,680 டன் கடலிற் சிந்தியது. அரிசியும் பயறும் போன்ற அக்குருணை இலங்கையின் மேற்குக் கரையை வெண்பனி போல் மூடியது. ஆமைகளும் ஓங்கில்களும் இறந்து ஒதுங்கின. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு தருமாறு கப்பல் நிறுவனத்தாருக்கு ஆணையிட்டது. பாட்டில் நம் கைக்கு வந்த பின்னரே தீங்கு தொடங்குகிறது என்பதில்லை. அது பாட்டிலாவதற்கு முன்னரும் உண்டு.

எதிர்வாதமும் அதன் அளவும்

நடுநிலையோடு சிலவற்றை ஏற்றுக்கொள்ள வேண்டும். கடற்பிளாஸ்டிக் எல்லாம் தண்ணீர் பாட்டிலன்று. ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் இடையில் சுழலும் பெருங்குப்பைப் பரப்பை 2018-இல் அளந்தோர், அதன் எடையில் பாதிக்குச் சற்றே குறைந்த பங்கு மீன்வலை என்று கண்டனர். வெள்ளக் காலத்திலும், குடிநீரில் சாக்கடை கலந்த ஊரிலும், உவர்நீரன்றி வேறு கிட்டாத கடலோரச் சிற்றூர்களிலும் அடைத்த நீர் உயிர் காக்கிறது. அங்கே அதனைப் பழித்தல் முறையன்று. பெட் பாட்டிலுக்கு விலை உண்டாதலால் குப்பை பொறுக்கும் எளிய மக்கள் அதனைத் தேடி எடுத்துவிடுகின்றனர் என்பதும் உண்மை. ஆயின் அவ்வாறு சேர்வது பெரிதும் மீண்டும் பாட்டிலாவதில்லை, நூலிழையாகிறது. அத்துணியைத் துவைக்குந்தோறும் நுண்ணிழைகள் கழிவுநீரோடு போகின்றன. மூடியும் வளையமும் மேலுறையும் விலைபோகா; அவை கிடந்த இடத்திலேயே கிடக்கும். 2015 வரை உலகில் கழிவான பிளாஸ்டிக் அனைத்தையும் கூட்டி 2017-இல் கணக்கிட்டோர், மறுசுழற்சிக்குச் சென்றது நூற்றுக்கு ஒன்பதே என்றனர்.

அரசுகள் செய்தனவும் உள. ஜெர்மனி 2003 முதல் பாட்டிலுக்குப் பிணைத்தொகை வாங்குகிறது. இன்று அது 25 சென்ட். வெற்றுப் பாட்டிலைத் திரும்பத் தந்தால் அத்தொகை மீளும். அங்கு ஏறக்குறைய எல்லாப் பாட்டில்களும் திரும்பி வந்துவிடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல், மூடி பாட்டிலோடு பிணைந்தே இருத்தல் வேண்டும் என்பது சட்டம்; மிட்வே தீவின் படங்களைக் கண்டோர்க்கு அச்சட்டத்தின் பொருள் விளங்கும். நம் நாட்டில் சிக்கிம் மாநிலத்தின் லாச்சென் என்னும் மலையூர் 2012-லேயே பாட்டில் நீரை விலக்கிற்று. 2022 ஜனவரி முதல் அம்மாநிலம் முழுவதிலும் இரண்டு லிட்டருக்குக் குறைந்த பாட்டில் நீர் தடுக்கப்பட்டது. தமிழகத்தில் 2019 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த தடை, தண்ணீர்ப் பொட்டலத்தை உள்ளடக்கியது, பாட்டிலை விட்டுவிட்டது. நீலகிரி மாவட்டம் மட்டும் அதே ஆண்டில் சிறு பாட்டில்களையும் தடுத்து, சாலையோரங்களில் குடிநீர்ப் பொறிகளை நிறுவியது. அம்மாவட்டத்தில் 2022-இல் மதுப்புட்டிகளுக்குப் பத்து ரூபாய் பிணைத்தொகைத் திட்டமும் வந்தது. அப்பொருளோடு நமக்கு உறவில்லை. எனினும் அதற்கு இயன்ற ஒழுங்கு தண்ணீர் பாட்டிலுக்கு ஏன் இயலாது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. உலக அளவில் பிளாஸ்டிக்கைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை காண 2022-இல் நைரோபியில் தீர்மானித்தனர். 2024 இறுதியில் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் கூடியும் உடன்பாடு எட்டவில்லை.

நம் இல்லமும் நம் விழாக்களும்

உடன்படிக்கைகள் வரும்வரை காத்திராது செய்யத்தக்கவை நம் கையில் உள்ளன. முதலில், விரதியர் பாட்டில் நீரைப் பருகலாமா என்னும் வினா. வடிகட்டிய நீருக்கு எல்லை இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம். அதன் பின் மீண்டும் வடிகட்ட வேண்டும். காய்ச்சிய நீருக்கு எல்லை 24 மணி. பாட்டிலில் அடைத்த நீரோ ஆலையை விட்டு நம் கைக்கு வரத் திங்கள் பல ஆகலாம். ஆலையின் சவ்வில் தங்கியவை எந்தக் கிணற்றுக்கும் திருப்பி விடப்படுவதில்லை, கழிவோடு போகின்றன. எனவே அது வடிகட்டிய நீரின் இலக்கணத்துக்குள் எவ்வாறும் அடங்காது என்பது என் கருத்து. முத்திரை, நீரின் தூய்மைக்கு ஒரு சான்றாகலாம்; விரதத்துக்குச் சான்றாகாது. வழிச்செல்வோர் எவர்சில்வர் கூஜாவில் நீர் கொண்டுபோன காலம் நெடுந்தொலைவில் இல்லை. இன்று அதனினும் இலேசான எவர்சில்வர் பாட்டில்கள் எங்கும் கிடைக்கின்றன. பிளாஸ்டிக் பாட்டிலையே மீண்டும் மீண்டும் நிரப்பிப் பயன்படுத்துவோர், வெயிலில் நிறுத்திய வண்டியினுள் அதனை வைத்தல் ஆகாது. வெப்பம் ஏற ஏறப் பிளாஸ்டிக்கில் உள்ள ஆன்டிமனி என்னும் உலோகம் நீரில் மிகுதியாகக் கசிகிறது.

அடுத்து விழாக்கள். ஒரு தேர்த் திருவிழாவுக்கு 1,500 பேர் வருகின்றனர் என்று கொள்வோம். ஒருவருக்கு அரை லிட்டர் பாட்டில் மூன்று வீதம் 4,500 பாட்டில். ஒன்று 12 கிராம் என வைத்தாலும் 54 கிலோ பிளாஸ்டிக். அதனோடு 4,500 மூடிகள். மறுநாள் மண்டபத்தைப் பெருக்குவோர் பாட்டிலைச் சாக்கில் கட்டுவர். மூடிகளைக் குப்பையோடு தள்ளுவர். அதே மக்களுக்கு வேண்டிய 2,250 லிட்டர் நீரை, குழாய் பொருத்திய எவர்சில்வர் கலன்களில் துணிகட்டி வடித்து நிரப்பி, டம்ளர்களோடு வைக்கலாம். டம்ளர் கழுவ ஆள் வேண்டும் என்பதே பலரும் சொல்லும் தடை. முன்பெல்லாம் ஊர் இளைஞர் முறைவைத்து அதனைச் செய்தனர். இன்று பாட்டில் வாங்கும் தொகையில் ஒரு பகுதியைக் கொடுத்தால் இருவர் மனமுவந்து செய்வர்.

விரதியர்க்கும் முதியோர்க்கும் காய்ச்சிய நீர் தனியே வேண்டும். அடுப்பெரிக்க ஆகும் எரிபொருளும் சுற்றுச்சூழலுக்குக் கேடன்றோ எனச் சிலர் வினவுவர். ஒரு லிட்டர் நீரைக் காய்ச்ச, அடுப்பில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்து, ஆவது ஏறக்குறைய 0.6 மெகாஜூல், மேலே கண்ட பாட்டில் நீரின் கணக்கில் பத்தில் ஒரு பங்கு. கோவிற் கிணற்று நீரானால், வடித்தபின் ஜீவானியை அக்கிணற்றிலேயே இறக்கச் சிறு வாளி ஒன்றை ஒதுக்கிவைத்தல் வேண்டும். முதல்நாள் பொழுது சாயுமுன் காய்ச்சி ஆறவைத்த நீர், மறுநாள் நண்பகல் பூசை முடியும்வரை தாராளமாகப் பயன்படும். அதன்பின் பரிமாறுவதற்கு, மறுநாட் காலையிலேயே இரண்டாம் அண்டாவை அடுப்பேற்றிவிட வேண்டும்.